பாதாம் அண்ணையும் பதினாறு தசம் எட்டும்

பூசணிக்காய்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால், ரொறன்ரோவில் அது முதல் வழக்கைப் பாதாம் அண்ணையின் பெயரில்தான் போட்டிருக்கும். வெட்டி, அவித்து, மசித்து, துணியில் கட்டிப் பிழிந்து, அதற்குப் பிறகும் மனம் ஆறாமல் மறுபடி அவண் அடுப்புக்குள் தள்ளி, ஒரு காயை அவர் வதைத்த மாதிரி இந்தக் கண்டத்தில் இன்னொருவர் வதைத்ததாக நான் கேள்விப்படவில்லை. இத்தனை பாவமும் எதற்கு? சீனி இல்லாமல், கோதுமை மா இல்லாமல், ஒரு பூசணிப் பையைச் செய்து என் வாய்க்குள் வைப்பதற்கு. தோளில் மாட்டும் பை அல்ல. மாவைத் தட்டி ஓடு செய்து, அதற்குள் மசித்த பூசணியை ஊற்றிச் சுடுவார்களே, இலை பழுக்கும் காலத்தில் இங்கே கடைக்குக் கடை மணக்குமே, அந்தப் பை.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் இரண்டு வரிக்கு ஓடும். அதை முழுதாக வாசித்தவர் எவருமில்லை. எங்களுக்கு வேலை பிறம்ரனில், ஒரு பெரிய வெயார்ஹவுஸில். வீடுகள் ஸ்காபரோவில். அதிகாலை ஐந்து மணிக்கு அண்ணை தன்னுடைய பழைய வான் வண்டியைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்துவார். முன் இருக்கையில், எங்களோடு வேலை செய்யும் குணம் ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். பின் இருக்கை முழுவதும் எனக்கு. நெடுஞ்சாலையில் முன்னால் லொறி ஏதும் மெதுவாகப் போனால் அண்ணை ஹோர்ன் அடிக்கமாட்டார். "கொஞ்சம் அரக்குங்கோ ஐயா" என்று கண்ணாடிக்குள் இருந்தபடியே கெஞ்சுவார். லொறி விலகினால் "பெரிய உபகாரம்" என்பார். இதெல்லாம் அவர் பாதாம் ஆவதற்கு முந்திய கதை.

அவரைப் பாதாம் ஆக்கியது என் இரத்தம்.

அந்த வருடம் ஜூலையில் என் குடும்ப வைத்தியர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மோசமாக ஏறிவிட்டது என்றார். மாத்திரை தருகிறேன், சாப்பாட்டைக் கட்டுப்படுத்து, ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு மறுநாள் மறுபடி இரத்தம் எடுப்போம், இறங்கவில்லையென்றால் இன்சுலின் ஊசிதான் என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும்.

ஊசிக்கும் எனக்கும் சிறுவயதிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில், ஊசி இன்னும் மேசையில் இருக்கும்போதே நான் சரிந்துவிட்டேன். எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு எழுந்து நின்றார். இப்படிப்பட்டவன் தினமும் வயிற்றில் தானே குத்திக்கொள்வதா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேஸ்மென்ற்றில் வின்ரர் ரயர் எந்த மூலையில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் எந்த மேசை லாச்சிக்குள் இருக்கிறது என்றெல்லாம் சொல்லத் தொடங்கினேன்.

"ஏனப்பா, எங்கையும் போறீங்களோ?" என்றாள்.

கோடை முழுவதும் வானில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வைத்தியர் தந்த சர்க்கரை பார்க்கும் மெசின் பெட்டி உடைக்காமல் என் லஞ்ச் பைக்குள்ளேயே கிடந்தது. பார்த்தால்தானே பயம்! ஆனால் செப்டெம்பர் பிறந்ததும் எங்கள் சாப்பாட்டு அறையில் பூசணி மஃபின், ஆப்பிள் சைடர் டோனட், கறுவாப்பட்டை ரோல் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கத் தொடங்கின. நான் வருடத்தில் பத்து மாதம் மனிதன். இலை சிவக்கும் இரண்டு மாதம் கறையான். ஒரு நாள் வீடு திரும்பும் வழியில், வானுக்குள் யாரோ விட்டுப்போன டோனட் கடதாசியை மணந்து பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

குணம் குறட்டையை நிறுத்தினான். அண்ணை பின்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு, "உதுக்கே அழுறாய்? எனக்கும் உந்தச் சனியன்தானடா. எத்தினை வரியமாய்! ஆருக்கும் சொல்லுறேல்லை," என்றார்.

எனக்கு வந்த மகிழ்ச்சியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நல்ல மனிதருக்கு வியாதி என்று கேட்டு இவ்வளவு சந்தோசப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த திங்கள் அதிகாலை வானுக்குள் ஏறினால், என் இருக்கையில் ஒரு பிளாஸ்ரிக் டப்பா.

"பூசணி மஃபின். சீனி இல்லை, மா இல்லை. சாப்பிடு."

"மா இல்லாமல் எப்பிடியண்ணை மஃபின்?"

"பாதாமை அரைச்சு மாவாய் விக்கிறாங்கள். கேள்வி கேளாமல் தின்."

மேல்பக்கம் பொன்னிறம். பிய்த்தால் உள்ளே குளத்துப் பாசி நிறம். பாதாம் மா அரைவாசியில் முடிந்துபோக, மிச்சத்துக்குச் சூரியகாந்தி விதையை அரைத்துப் போட்டிருக்கிறார். அது சோடாவோடு சேர்ந்தால் பச்சை பிடிக்கும் என்பது எங்கள் மூவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"அண்ணை, உது பூசணியோ பாசியோ?" என்றான் குணம்.

"நிறத்தை ஏன் பாக்கிறாய்? கண்ணை மூடிக்கொண்டு தின்."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டோ செய்தனீங்கள்?"

சீனிக்குப் பதிலாக ஏதோ ஒரு வெள்ளைத் தூள் போட்டிருந்தார். இனிக்கும், கூடவே பற்பசை மாதிரி வாய்க்குள் சில்லிடும். அதையும் முறையிட்டோம். "நல்லதுதானே. பிறகு பல்லுத் தீட்டத் தேவையில்லை," என்றார்.

சாப்பாட்டோடு விட்டாரா? இரண்டு மணித்தியாலம் கழித்து, முதல் இடைவேளையில், என் லஞ்ச் பைக்குள் கிடந்த மெசினை அவரே பெட்டி உடைத்து எடுத்து, லொறிகள் வந்து பின்பக்கம் கொடுக்கும் வாசலில் என்னை நிறுத்தினார்.

"விரலை நீட்டு."

நான் கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். அது வெளியே வர மறுத்தது. அவர் புது ஊசி ஒன்றைப் போட்டுத் தன் விரலில் முதலில் டக்கென்று குத்தினார். மெசினைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசித்தார். "எட்டுத் தசம் ஒன்பது." அணைத்தார். ஊசியை மாற்றினார். அந்த மாற்றுகிற விசயத்தில் ஆஸ்பத்திரியே அவரிடம் படிக்கலாம். "இனி நீ."

எப்படி நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருபத்தைந்து தெய்வங்களையும் ஒரு மாதாவையும் கூப்பிட்டு முடிக்குமுன் எல்லாம் முடிந்திருந்தது. எட்டுத் தசம் இரண்டு. இந்த நாட்டு மெசின் கணக்கில் எட்டுக்குக் கீழே இறங்கினால் நல்லது, பத்தைத் தாண்டினால் வம்பு.

"பாத்தியோ! என்னைவிட நீ திறம்," என்றார். பெட்டி ஒட்டும் ரேப்பில் ஒரு துண்டைக் கிழித்து டப்பா மூடியில் ஒட்டி, மார்க்கரால் எழுதினார்: நீ 8.2, நான் 8.9.

அன்றிலிருந்து இது தினசரிப் பூசை. முதலில் அவர் குத்துவார், ரேப்பில் எழுதும்போதுதான் தன் எண்ணைச் சொல்லுவார். என் எண் எட்டென்றால் அவருக்கு ஒன்பது. நான் ஏழென்றால் அவர் எட்டுக்குக் கிட்ட. ஒரு நாள்கூட அவர் என்னை வெல்லவில்லை. இரண்டு வாரத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "அண்ணை, நீங்கள் சோத்தைக் குறைக்கவேணும். கொஞ்சம் நடவுங்கோ. என்னைப் பாத்துப் பழகுங்கோ," என்று பின் இருக்கையிலிருந்து உபதேசம் செய்தேன். அவர் பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டினார். வெயார்ஹவுஸ் முழுவதும் அவருக்குப் பாதாம் என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு முன்னால் அண்ணை, பின்னால் பாதாம், அவசரத்துக்குப் பாதாம் அண்ணை.

டோனட் வாரத்தை நான் மறக்க முயல்கிறேன். பாதாம் மாவில் டோனட் உதிர்கிறது என்று, அதைப் பிடித்து வைக்க இசப்பகோல் உமியைச் சேர்த்தார். எங்கள் ஆட்கள் வயிறு போகாதபோது தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்களே, அதே உமி. ஆளுக்கு ஒரு கரண்டி போதும் என்று பக்கெற்றில் எழுதியிருக்கும். அண்ணை மனிதர்களைக் கணக்கெடுக்காமல் டோனட்டுகளைக் கணக்கெடுத்துவிட்டார். அன்றைக்கென்று நெடுஞ்சாலையில் ஒரு லொறி குறுக்கே நின்று, ஆறு நிரை வாகனமும் அசையாமல் கிடந்தது. முதலில் குணம் பேச்சை நிறுத்தினான். பிறகு நான். பிறகு அண்ணை, முன்னால் நின்ற நூற்றுக்கணக்கான வாகனங்களைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஹோர்ன் அடித்தார். "அரக்குங்கோ ஐயா! கெதியாய் அரக்குங்கோ!" அந்தக் குரலில் இருந்த உருக்கத்தை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. நாங்கள் இறங்கி ஓடிய இடத்தின் பெயரையும் விவரிக்கமாட்டேன்.

அதற்கடுத்தது ஆப்பிள். குடும்பங்களாக ஆப்பிள் பறிக்கத் தோட்டத்துக்குப் போனோம். எல்லாரும் கூடை கூடையாகப் பறித்தார்கள். அண்ணை ஒரேயொரு ஆப்பிளைப் பறித்து, சட்டையில் துடைத்து, பொக்கற்றில் போட்டுக்கொண்டார். திங்களன்று டப்பாவில் ஆப்பிள் பை. என் இருக்கையில் அந்த ஒற்றை ஆப்பிள்.

"ஆப்பிளிலை சீனி கூட. அதாலை பைக்குள்ளை சுக்கினிக்காயை ஆப்பிள் மாதிரிச் சீவிப் போட்டிருக்கிறன். நீ ஒரு கையிலை ஆப்பிளைப் பிடி. மற்றக் கையிலை பை. இதை மணந்துகொண்டு அதைத் தின்."

ஒரு நடுத்தர வயதுக்காரன், விடியாத வேளையில், ஓடுகிற வானுக்குள், ஒரு கையில் ஆப்பிளை மூக்கில் அழுத்திக்கொண்டு மறு கையால் சுக்கினிக்காய் தின்றதைப் பக்கத்து நிரையில் பஸ் ஓட்டிவந்த பெண் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கறுவாவும் மணமும் சேர்ந்து ஏமாற்றியதில் அது ஆப்பிள் மாதிரியே இருந்தது. அன்றைக்கு என் எண் ஆறு தசம் ஒன்பது. அண்ணை ரேப்பில் எழுதும்போது விசில் அடித்தார்.

அவருக்கு வசப்படாத ஒரே சாமான் பூசணிப் பை. பாதாம் மா ஓடு ஒவ்வொரு தடவையும் நொறுங்கியது. ஒரு தடவை கரண்டியால் அள்ளித் தின்றோம். இன்னொரு தடவை வான் ஒரு பள்ளத்தில் விழ, பை முழுவதும் குணத்தின் மடியில். "தாங்ஸ்கிவிங்குக்கு உனக்கு முழுப் பை வெட்டித் தருவன். அடுத்த நாள் நீ போய் இரத்தம் குடு. ஊசியும் இல்லை, ஒண்டும் இல்லை," என்று அண்ணை சபதம் போட்டார்.

அந்தத் தாங்ஸ்கிவிங் திங்களும் வந்தது. அண்ணையின் அடுக்குமாடியில், பதினாலாம் மாடியில், மத்தியானம் விருந்து. அண்ணையின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர் வான்கோழியை நல்ல உறைப்பாகக் கறி வைத்திருந்தார். குணம் வந்திருந்தான். நானும் மனைவியும். மறுநாள் காலை எனக்கு இரத்தப் பரிசோதனை.

சாப்பாடு முடிய, அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வட்டமாக, பொன்னிறமாக, ஓரத்தில் முள்ளுக்கரண்டியால் அழுத்திய கோலத்தோடு, கடைக் கண்ணாடிக்குள் இருப்பது போல. கத்தி இறங்கியது, ஓடு உடையவில்லை.

"அண்ணை! நிக்குது!" என்று குணம் கத்தினான்.

"இருவது பையை எறிஞ்சால்தான் ஒரு பை நிக்கும்," என்றார் அண்ணை, பேட்டி கொடுக்கும் குரலில். "மாவைப் பிசையேக்கை கை சொல்லும். இண்டைக்குக் கை சொல்லிச்சுது."

நான் நான்கு துண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பது மரியாதைக்கு. அண்ணையும் என்னோடு போட்டியாக மூன்று. "உண்மையான பை மாதிரியே இருக்கண்ணை," என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கண் கலங்கினார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து மெசின் வந்தது. இப்போதெல்லாம் நான் தைரியசாலி. நானே விரலை நீட்டினேன். அண்ணை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். நான் எட்டிப் பார்த்தேன். பதினாறு தசம் எட்டு.

வாசகர்களே, பதினாறு தசம் எட்டைக் கண்டதும் நான் என்ன செய்தேன் என்பதற்கு மூன்று சாட்சிகள் இருப்பதால் பொய் சொல்ல முடியாது. சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். இரண்டு கையையும் நெஞ்சில் கோர்த்தேன். மனைவியைக் கிட்டக் கூப்பிட்டு, "வின்ரர் ரயர்..." என்றேன்.

"பேஸ்மென்ற்றிலை. தெரியும். எழும்புங்கோ," என்றாள்.

"நாளைக்கு இரத்தம் எடுக்கப் போறாங்கள். ஊசிதான். முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

குணம்தான் மூளையைப் பாவித்தான். "மெசின் பிழையாய் இருக்கும் மச்சான். அண்ணைக்கும் சுகர்தானே. அதே பை, மூண்டு துண்டு. அவருக்குக் குத்திப் பாப்பம். அவருக்கும் பதினாறு காட்டினால் பைதான் பிழை. இல்லாட்டில் மெசின் பிழை."

"எனக்கு வேண்டாம்," என்றார் அண்ணை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஒரு மாதத்துக்கு மேலாக முதல் ஆளாக விரலைக் குத்தியவர்! எனக்கு விளங்கவில்லை. குணம் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குத்தியே விட்டான். இந்தத் தடவை மெசினை அவரிடம் கொடுக்காமல் எல்லாருக்கும் தெரிய மேசையில் வைத்தான். ஐந்து தசம் ஏழு.

"மெசின் பிழை!" நான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தேன். அண்ணையைக் கட்டிப்பிடித்தேன். பெரிய கம்பனி மெசின், இப்படியா மனிதனைக் கொல்லுவது என்று இரண்டு வார்த்தை ஏசினேன். அந்த நிமிடம் பார்த்துச் சமையலறையிலிருந்து அக்கா ஒரு தயிர் வாளியோடு வந்தார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். எங்கள் ஆட்களின் சமையலறைகளில் தயிர் வாளிக்குள் தயிர் இருந்ததாக வரலாறு இல்லை. ஒன்றுக்குள் மிளகாய்த்தூள், ஒன்றுக்குள் வறுத்த அரிசி மா, ஒன்றுக்குள் புட்டுக்கு அவித்து அரித்த கோதுமை மா. பெயர் எழுதி ஒட்டும் வழக்கமும் இல்லை. எழுதி ஒட்டினால் விருந்தாளி சிரிப்பார்.

"இஞ்சருங்கோ," என்றார் அக்கா. "என்ரை அவிச்ச மா எங்கை? காலமை இந்த வாளியிலை எடுத்துப் புட்டு அவிச்சனான், எண்ணெய் எண்ணெயாய்க் கக்கிச்சுது. இப்ப வாயிலை போட்டுப் பாக்கிறன், பாதாம்."

அண்ணை மெதுவாகச் சாப்பாட்டு மேசைக்குப் போனார். மிச்சமிருந்த பையின் ஓட்டை ஒரு துண்டு உடைத்து நுனிநாக்கில் வைத்தார். கோதுமை. அவித்து, அரித்து, அழகாக நின்ற அசல் கோதுமை. பார்த்தால் பாதாம் மாவின் அதே வெளிறின நிறம். கை சொன்னதாகச் சொன்னாரே, அந்தக் கை நாற்பது வருடமாகப் பழகிய மாவைத்தான் கண்டு குதூகலித்திருக்கிறது.

"அப்ப மெசின் சரி," என்றான் குணம்.

"என்ரை பதினாறு சரி," என்றேன் நான், மறுபடி சோபாவைப் பார்த்தபடி. பிறகுதான் உறைத்தது. "அப்ப... அண்ணையின்ரை ஐஞ்சு தசம் ஏழு?"

அண்ணை ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உவருக்கு எங்கை தம்பி சுகர்? கல்லைத் திண்டாலும் செமிக்கிற மனிசன். உங்களுக்கு ஊசிப் பயமெண்டு தானும் குத்திக்கொண்டு திரியிறார். இரவிலை விரல் எரியுதெண்டு என்னட்டை நல்லெண்ணெய் பூசுவிக்கிறது."

நான் அவருக்குச் செய்த உபதேசங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சோற்றைக் குறையுங்கோ. நடவுங்கோ. என்னைப் பார்த்துப் பழகுங்கோ. பதினாறு தசம் எட்டைவிட அது அதிகமாகச் சுட்டது.

"சும்மா நிண்டு கதைக்காதை, வா, நடப்பம். நடந்தால் இறங்கும்," என்று அண்ணை என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். பதினாலாம் மாடி நடைபாதையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, குப்பை தள்ளும் கதவில் தொட்டு, மறுபடி லிப்ற் வாசலில் தொட்டு, இருவரும் நடந்தோம். ஒரு வீட்டுக் கதவு திறந்து, எங்களைப் பார்த்து, மூடியது.

"ஏனண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"அண்டைக்கு உன்ரை கை பொக்கற்றை விட்டு வரேல்லை. என்ரையைக் குத்தினன். வந்திச்சுது. அவ்வளவுதான்."

"அப்ப அந்த எட்டுத் தசம் ஒன்பது?"

"அது நான் போட்டது. என்ரை எண் உன்ரையிலும் கூட எண்டால் நீ சிரிப்பாய். சிரிக்கிறவன் நாளைக்கும் விரலை நீட்டுவான்." கொஞ்சத் தூரம் நடந்தார். "நாளைக்கு உனக்கு ஊசியெண்டு வந்தால் அது என்ரை பையாலைதான். எனக்கு ஒரு பொடியனை ஏமாத்தின மாதிரிக் கிடக்கு," என்றார். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. பொடியன்! அவர் குரல் உடைந்திருந்ததால் நான் திருத்தவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். விரல் நுனிகள் உப்புத்தாள் மாதிரி இருந்தன.

மறுநாள் பரிசோதனைக்கு அவரும் வந்தார். வேலைக்கு இருவரும் லீவு. இரத்தம் எடுத்த பெண் ஊசியை எடுத்ததும் நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து சரிந்தார். அன்றைக்கு மயங்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

வார முடிவில் வைத்தியர் கூப்பிட்டார். நான் உட்காரும் முன்னமே வாக்குமூலம் கொடுத்தேன்: பை, நான்கு துண்டு, தயிர் வாளி, அவித்த மா, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு மத்தியானச் சாப்பாடு மூன்று மாதச் சராசரியை ஆட்டாது என்றார். இறங்கியிருக்கிறது, நன்றாகவே இறங்கியிருக்கிறது, ஊசி இப்போதைக்கு வேண்டாம், என்ன செய்தாய் என்று கேட்டார். சுக்கினிக்காய் தின்றுகொண்டு ஆப்பிள் மணந்தேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வானுக்குள் இருந்த அண்ணையிடம் செய்தியைச் சொன்னேன். அவர் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அது ஹோர்னில் பட்டு நீளமாக ஒலித்தது. எடுக்கவில்லை. வாகனத் தரிப்பிடம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது அண்ணை வேலையை விட்டு, அக்காவோடு பிக்கரிங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். வானைக் குணம் ஓட்டுகிறான். அவன் தாராளமாக ஹோர்ன் அடிக்கிறான். ஆனால் ஒவ்வொரு வருடமும் இலை சிவக்கும் காலத்தில் என் வாசலில் ஒரு டப்பா வந்திருக்கும். உள்ளே பூசணிப் பை, பாதாம் ஓடு, வழக்கம்போல நொறுங்கினபடி. நொறுங்கியிருப்பதுதான் எனக்கு நிம்மதி. மூடியில் பெட்டி ஒட்டும் ரேப். 'நீ' என்று எழுதி வெறுமையாக விட்டிருப்பார். பக்கத்தில், தன் கையாலேயே, நான் 9.1.

இன்னும் பொய் சொல்கிறார் மனிதர். நான் கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு, இரண்டு மணித்தியாலம் இருந்து, விரலை நீட்டுகிறேன்.